நடு முகம்

தொடங்கும்போதே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இவையெல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கின்றனவா என்று தெரியவில்லை. அந்தக் கருத்துப் பெட்டியை எங்கள் மாவட்ட இணையதளத்தில் நான் ஒட்டியது செப்டம்பரில் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போது ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்த மாதிரியும் மனதில் ஒரு படம் இருக்கிறது. வடக்கு மின்னசோட்டாவில் இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கக்கூடியதுதான். ஏப்ரல் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன் என்பதும் என் நினைவு. கூட்டக் குறிப்பில் என் பெயர் இல்லை. குறிப்பு எழுதியவருக்கு என்மேல் பகை எதுவும் கிடையாது. ஆகவே நான் அதிகம் பேசியிருக்க மாட்டேன்.

உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

ஸ்வான்பெக் மாவட்டத்தில் முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் வீட்டு வாசலுக்கே வரும் சிறிய பேருந்து உண்டு. முதல் நாள் சொல்லிவைத்தால் மறுநாள் வந்து மருத்துவமனைக்கோ மளிகைக் கடைக்கோ சர்ச்சுக்கோ கூட்டிப்போகும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைச் சொல்லிவைக்கும் இடம் ஒரு தொலைபேசி. அதை எடுப்பவர் லவோன் ஹெக்ஸ்டாட். இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான்; பெயர் கர்ட். என் மேஜைக்கும் லவோனின் மேஜைக்கும் நடுவே சாம்பல் நிறத் துணி ஒட்டிய ஒரு தடுப்பு. அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது, ஏனென்றால் நான் பேசுவதில்லை.

அந்த ஆண்டு கோடையில் ட்ரெவர் ஸ்லோன் வந்தார். ஃபீனிக்ஸ் நகரத்துக்காரர். பதவியின் பெயர் ‘டிஜிட்டல் அனுபவ இயக்குநர்’. அப்படி ஒன்று இல்லாமல் எங்கள் மாவட்டம் நூற்று முப்பது ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை யாராவது ஆராய வேண்டும். பேருந்தை இனி மக்களே இணையதளத்தில் பதிவு செய்துகொள்வார்கள், தொலைபேசி எதற்கு என்று கேட்டார். மாவட்டக் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். நியாயமான மனிதர்கள் என்பதால் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: இணையதளத்தைப் பயன்படுத்துபவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் ஐந்துக்கு நான்கு மதிப்பெண்ணாவது கொடுத்தால், ஜூன் கடைசியில் தொலைபேசி மேஜையை மூடிவிடலாம்.

மேஜை என்றால் லவோன். லவோன் என்றால் அவருடைய கணவர் டேலும் சேர்த்திதான். டேலுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கான காப்பீடு லவோனின் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். நிபந்தனையும் எல்லோருக்கும் தெரியும். நிபந்தனை தெரியாத ஒரே ஆள் லவோன். நாற்பத்தொரு பக்க அறிக்கை ஒன்றின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது இருந்தது; அறிக்கை அவருக்கும் அனுப்பப்பட்டிருந்தது. நேரில் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே கெட்ட செய்தி சொல்வது நாகரிகம் இல்லை.

அந்த மதிப்பெண்ணை வாங்கும் கருத்துப் பெட்டியை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. அதை விற்கும் நிறுவனம் இரண்டு வரி நிரல் கொடுக்கும். பக்கத்தின் அடியில் அந்த இரண்டு வரியை வைத்தால் முடிந்தது. எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அதை ‘எங்களுக்கு ஏற்றபடி’ மாற்ற ஏழு வாரம் ஆனது.

முதல் இரண்டு வாரம் நிறம். பக்கத்து மாவட்டத்தின் நிறம் என்பதால் நீலம் கூடாது. சிவப்பு அவசரமாகத் தெரியும். கடைசியில் ஓட்ஸ் கஞ்சியின் நிறத்தில் முடிந்தது. மூன்றாம் வாரம் முகங்கள். வட்டமான ஐந்து மஞ்சள் முகங்கள், அழுமூஞ்சியிலிருந்து சிரித்த முகம் வரை. அழுமூஞ்சி முன்னாள் பொருளாளரின் சாயலில் இருப்பதாக ஒருவர் சொல்ல, அதன் புருவத்தை நான் திருத்தினேன். பிறகு இடம். வலது கீழ் மூலை என்று முடிவானது. கைப்பேசியில் பார்த்தால் அந்தப் பெட்டி ‘பயணத்தை ரத்து செய்’ என்ற பொத்தானை முழுசாக மறைத்தது. ஒன்பது நாள் யாராலும் எதையும் ரத்து செய்ய முடியவில்லை. ஆளில்லாத வீட்டு வாசல்களில் பேருந்துகள் போய் நின்றன. ரத்துகள் பூஜ்யமாகக் குறைந்துவிட்டன என்று ட்ரெவர் மாத அறிக்கையில் எழுதினார்.

பெட்டி எப்போது தோன்ற வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“பதிவு முடிஞ்சு, ‘உங்கள் பேருந்து உறுதி’ன்னு வர்ற பக்கத்துல காட்டுங்க தலைவரே,” என்றார் ட்ரெவர். என் வயதில் பாதி. எல்லோரையும் தலைவரே என்பார்.

“அப்ப பதிவு பண்ண முடியாம பாதியில விட்டுட்டுப் போறவங்க?”

“அவங்களுக்குத்தான் இன்னும் அனுபவமே ஆகலையே. ஆகாத அனுபவத்த எப்படிக் கேக்கறது?”

நான் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

முதல் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் முகம் அழுத்தினார்கள். அதில் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் அழுத்தியது நடு முகம். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வாய் ஒரு நேர்கோடு. மதிப்பெண் சரியாக மூன்று.

ட்ரெவர் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தே விட்டார். “என்ன தலைவரே இது? பொட்டி கெட்டுப்போச்சா?”

“பொட்டி நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப உங்க ஊர்க்காரங்களுக்கு வேற முகமே கிடையாதா?”

கிடையாதுதான். ஆனால் வெளியூர்க்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? எங்கள் சாப்பாட்டு அறையில் யாராவது எலுமிச்சை பார் என்ற இனிப்பைச் செய்து துண்டு போட்டுக் கொண்டு வந்து வைத்தால், கடைசித் துண்டை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்து வருபவர் மீதியில் பாதி. மாலையில் தட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு இருக்கும், பக்கத்தில் கத்தியும். போன மார்ச்சில் ஒருவருடைய வண்டி, உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையோடு சேர்ந்து பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “மோசமில்ல, வண்டி பழசுதானே” என்றார். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு அழுமூஞ்சியைக் காட்டி, இதை அழுத்துங்கள் என்றால், அது யாரோ ஒருவர் மனதைப் புண்படுத்தும் என்று தெரிந்தே செய்வதாகும். காதுவரை சிரிக்கும் முகத்தை அழுத்துவதோ அதைவிட மோசம். அது ஆட்டம் போடுவது.

கருத்து எழுதியவர்கள் ஏழு பேர். ஒருவர் எழுதியது இது: “பஸ் வரல. ஆனா அன்னிக்கு வெயில் நல்லா இருந்துச்சு.”

இதையெல்லாம் ட்ரெவரிடம் நான் சொல்லவில்லை. “நடு முகத்த எடுத்துரலாமா?” என்று அவர் கேட்டபோது மட்டும், “எடுக்கலாம். ஒரு சொடுக்குதான்” என்றேன். நடு முகத்தை எடுத்துவிட்டால் மக்கள் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்வார்கள், மதிப்பெண் இரண்டுக்கு இறங்கும், லவோனுக்கு நல்லது என்று நான் கணக்குப் போட்டதாக நினைவு. அல்லது அந்தக் கணக்கைப் பிறகு போட்டுவிட்டு, முன்பே போட்டதாக நம்புகிறேனோ என்னவோ.

நடு முகம் போனதும் மிஞ்சியவை நான்கு: ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. லேசான முகச்சுளிப்புக்கு இரண்டு. லேசான புன்னகைக்கு நான்கு. எங்கள் மக்கள் ஒரு கணமும் தயங்கவில்லை. எல்லோரும் லேசாகப் புன்னகைத்தார்கள். ஜனவரி மதிப்பெண் நான்கு புள்ளி ஒன்று.

ட்ரெவர் அலுவலகம் முழுக்க டோனட் வாங்கிக் கொடுத்தார். லவோனும் பாதி எடுத்துக்கொண்டார்.

நடு முகத்தை நான் திருப்பி வைத்திருக்கலாம். அதுவும் ஒரு சொடுக்குதான். யார் வைத்தது என்று கேட்பார்கள் என்பதால் வைக்கவில்லை. இதற்கு அழகான வேறு காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து லவோன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளாகக் கேட்கிறேன், அன்றுதான் கவனித்தேன். யாரோ கூப்பிட்டிருந்தார்.

“எப்படி இருக்கீங்க ஐனார்?” என்றார் லவோன். எதிர்முனை நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். லவோன், “ம்” என்றார். அவ்வளவுதான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. விசைப்பலகை சத்தம்கூட இல்லை. நீண்ட நேரம். வேறு யாராக இருந்தாலும் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு லவோன், “அய்யய்யோ. ரெண்டு காலுமா?” என்றார். “அப்ப படி ஏற முடியாதே. லிஃப்ட் வச்ச வண்டிய அனுப்பச் சொல்றேன்.”

மூன்று நொடியில் ‘நன்றி’ சொல்லிவிட்டுப் போய்விடும் பெட்டிக்கு ஐனாரின் கால்கள் தெரிய வாய்ப்பில்லை. அன்று மதியமே அமைப்புகளைத் திறந்தேன். முகத்தை அழுத்திய பிறகு வரும் நன்றியை எடுத்தேன். தானாக மூடிக்கொள்வதையும் நிறுத்தினேன். வெறும் ஒரு எழுதும் கட்டம், அதன் மேலே ஒரே ஒரு சொல்: “ம்.” மூடும் வரை அது அப்படியே இருக்கும். யாரிடமும் கேட்கவில்லை. கருத்துகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் ட்ரெவர் அந்தப் பக்கமே போவதில்லை.

மறுநாளிலிருந்து கருத்துகள் வரத் தொடங்கின. முதல் வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பரவாயில்லை, நன்றாக இருக்கிறது, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். அதன் பிறகு ஒரு இடைவெளி. பிறகு உண்மை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. எழுத்து சின்னதா இருக்கு. எனக்கு இடது கண் மட்டும்தான். தேதிய அழுத்தினா போன வருசத்துக்குப் போயிருது. பரவாயில்ல.”

“நல்ல இணையதளம். நாலு தடவ முயற்சி பண்ணேன். அப்புறம் லவோனுக்குப் போன் போட்டேன்.”

“நன்றாக இருந்தது. லவோன் கூடவே இருந்து ஒவ்வொரு பொத்தானாகச் சொன்னாங்க. இல்லன்னா நான் செவ்வாய்க்கிழமை டாக்டரப் பார்த்திருக்க முடியாது.”

பத்து நாளில் இருநூற்றுக்கும் மேல். எண்ணிப் பார்த்தேன். முக்கால்வாசியில் லவோனின் பெயர் இருந்தது. தொலைபேசியில் கூப்பிடுபவர்களைத் தாங்களாகவே பதிவு செய்யப் பழக்க வேண்டும் என்பது ட்ரெவரின் உத்தரவு. ஆகவே லவோன் காதில் தொலைபேசியோடு, அவர்கள் வீட்டுக் கணினியில் அவர்களையே அழுத்தவைத்துக்கொண்டிருந்தார். ட்ரெவரின் கணக்கில் அவையெல்லாம் இணையப் பதிவுகள்.

அதுகூட எதிர்பார்த்ததுதான். வெர்னா என்ற ஒரு பெண்மணி எழுதியதை மட்டும் மூன்று முறை படித்தேன்: “கடைசில மொகம் மொகமா வந்துச்சு. சிரிக்கிறத அழுத்துங்க, அந்தப் பிள்ளைங்க கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்கன்னு லவோன் சொன்னாங்க. அழுத்திட்டேன். யார் அந்தப் பிள்ளைங்க?”

பிள்ளைகள் என்றால் நான்தான். எனக்கு ஐம்பத்தொன்று.

சாப்பாட்டு அறையில் லவோன் டப்பாவைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைத்தது. முந்தைய நாள் மீதி. நான் எதிரே உட்கார்ந்தேன். இருபது ஆண்டில் அது முதல்முறை என்பதால் அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

“என்னப்பா கர்ட், உடம்பு சரியில்லையா?”

“போன்ல பேசறவங்கள சிரிக்கிற முகத்த அழுத்தச் சொல்றீங்களா?”

“ஆமா. தப்பா?” கரண்டியைக் கீழே வைத்தார். “நவம்பர்ல உனக்கு மூணு மார்க்தான் வந்துச்சாமே. ட்ரெவர் உன் மேஜைல வந்து உக்காந்து அரை மணி நேரம் பேசினாரு. அதுக்கப்புறம் நீ மூணு நாள் இந்தப் பக்கமே வரல. உன்ன வேலையவிட்டுத் தூக்கிருவாங்கன்னு நினச்சேன். அதான், எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வச்சேன்.”

“அது என் மார்க் இல்ல லவோன்.”

“பின்ன?”

நான் அவருடைய கரண்டியை நேராக நகர்த்தி வைத்தேன். அவர், “ம்” என்றார். பிறகு காத்திருந்தார். சூடாக்கும் பெட்டி அணைந்து மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ உள்ளே வந்து காபி ஊற்றிக்கொண்டு போனார்கள். அந்த அமைதியை என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முப்பத்தெட்டாம் பக்கம், மூன்று மாதம், நான்கு மதிப்பெண், ஜூன் கடைசி, எல்லாவற்றையும் சொன்னேன். நடு முகத்தை எடுத்தது நான் என்பதையும் சொன்னேன்.

“இது எப்பலருந்து உனக்குத் தெரியும்?”

“ஆகஸ்ட்.”

அவர் எழுந்து டப்பாவை வெளியே எடுத்து மூடியைப் போட்டு மூடினார். “டேல்கிட்ட நீ எதும் சொல்லிராத,” என்றார்.

“இனிமே அந்த முகத்த அழுத்தச் சொல்லாதீங்க. சுளிக்கிற முகத்த அழுத்தச் சொல்லுங்க. மார்ச் முழுசா பாக்கி இருக்கு. ஒரு மாசம் இறங்கினாப் போதும்.”

“நல்லாருக்கு போ. எனக்கு வேல வேணும், அதனால குறைச்சுப் போடுங்கன்னு ஐனார்கிட்ட நான் சொல்லணுமா? அந்த மனுசன் ரெண்டு காலும் முடியாம படுத்திருக்கான்.”

“அப்ப சும்மாவாவது இருங்க.”

“சும்மா இருக்கேன்,” என்றார் லவோன்.

சொன்னபடியே இருந்தார். மார்ச் முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கவனித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும், “மொகம் வந்தா உங்க இஷ்டம்” என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். மக்களும் இஷ்டப்படியே செய்தார்கள். மார்ச் மதிப்பெண் நான்கு புள்ளி பூஜ்யம் இரண்டு. லவோன் சொன்னதால் புன்னகைத்தவர்கள் குறைவுதான் போலிருக்கிறது. மற்றவர்கள் வளர்க்கப்பட்ட விதம் அப்படி.

ஏப்ரல் கூட்டத்துக்குக் கருத்துகளை அச்செடுத்துக்கொண்டு போனேன். நூற்றெண்பது பக்கம். குழுவின் தலைவர் மர்லிஸ் டோர்வால், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர், யாரையும் நோகவிடாதவர். ட்ரெவர் திரையில் மூன்று பச்சைக் கம்பங்களைக் காட்டி உட்கார்ந்தார். பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று மர்லிஸ் கேட்டார். நான் எழுந்தேன். இடது கண் மட்டும் உள்ளவருடையதை வாசித்தேன். வெர்னாவுடையதையும் வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

“அதுக்கு அவங்க எத்தன மார்க் குடுத்தாங்க?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

“நாலு.”

“நாலுன்னா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?”

“அவங்க எழுதினதப் பாருங்க…”

“தலைவரே,” என்றார் ட்ரெவர் என்னிடம், மிகவும் அன்பாக. “தனித்தனிக் கதையெல்லாம் மனச உருக்கும். நம்ம மொத்தமாப் பார்க்கணும்.”

மர்லிஸ் என்னுடைய பக்கங்களை வாங்கிப் புரட்டினார். “இது வித்தியாசமா இருக்கு கர்ட்,” என்றார். எங்கள் ஊரில் ஒருவர் சமையலைப் பற்றி இப்படிச் சொன்னால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பதார்த்தம் செய்யமாட்டார்கள். பக்கங்களை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

பிறகு, சொல்லவேண்டும், அவர் நியாயமாகவே நடந்துகொண்டார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த லவோனைப் பார்த்து, “லவோன், இதுல உங்களுக்கு ஏதாவது சங்கடம் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, நாங்க கேக்கறோம்,” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் டேல் உட்கார்ந்திருந்தார், கையில் கட்டோடு; அன்று சுத்திகரிப்பு நாள். லவோன் எழுந்து நின்றார். மேலங்கியின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்ல,” என்றார். “பரவாயில்ல. எல்லாம் சரிதான்.”

“ரொம்ப நன்றி லவோன்,” என்றார் மர்லிஸ். லவோன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மர்லிஸ் தாளைப் பார்த்து, அடுத்தது பனி அகற்றும் வண்டிகளுக்கு டயர் என்றார். நான் மூன்று நாற்காலி தள்ளித்தான் இருந்தேன். கொஞ்சம் பொறுங்கள், அவர் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். டயர்களைப் பற்றி யாரோ பேசத் தொடங்கினார்கள். டேல் அவருடைய கையைத் தொட்டார், லவோன் உட்கார்ந்தார். ஐந்து பேரும் ஆமோதித்து வாக்களித்தார்கள்.

தொலைபேசி மேஜை ஜூன் இருபத்தெட்டாம் தேதி மூடப்பட்டது. லவோன் நாற்பது மைல் தள்ளி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தார். காப்பீடு நவம்பரில்தான் தொடங்கியது. இடையில் டேல் வாரம் மூன்று முறை போவதை இரண்டாகக் குறைத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் இறந்தார். ஐனார் மகளோடு ஃபார்கோவுக்குப் போய்விட்டார். வெர்னா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மர்லிஸ் மறுபடியும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ட்ரெவர் இதைவிடப் பெரிய ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய பதவியில் போனார். சிறிய பேருந்தில் இப்போது நாளைக்கு ஆறேழு பேர் வருகிறார்கள், முன்பு ஐம்பது. கருத்துப் பெட்டியில் போன மாதம் பதினோரு பேர் முகம் அழுத்தினார்கள். மதிப்பெண் நான்கு புள்ளி ஆறு. நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். தடுப்பை எடுத்துவிட்டார்கள்.